முதல் அம்புக்குப் பிறகு என்ன செய்கிறார்கள்: வட குயின்ஸ்லாந்தின் ஒரு வில்வேட்டை வழிகாட்டிச் சேவை

வட குயின்ஸ்லாந்தில் புள்ளிமான் வில்வேட்டைக்கு ஆட்களை அழைத்துச் செல்லும் ஒரு வழிகாட்டிச் சேவையோடு கடந்த ஓகஸ்ட் மாதம் நான்கு நாட்கள் தங்கிவிட்டு மட்டக்களப்பின் கிரானுக்குத் திரும்பியிருக்கிறேன். வில் பிடித்தது நானல்ல. டவுன்ஸ்வில்லில் குடியிருக்கும் என் தங்கையின் மகன்தான். நான் பார்வையாளருக்குரிய கட்டணத்தைச் செலுத்தி, அவனுக்கும் வழிகாட்டிக்கும் பின்னால் பத்தடி தள்ளி நடந்தவன். ஊருக்கு வந்த பிறகு, பிள்ளைகளை அவுஸ்திரேலியாவில் வைத்திருக்கும் நான்கைந்து பேர் இந்தச் சேவை எப்படி, கொடுத்த காசுக்குப் பெறுமதியா, மகனை நம்பி அனுப்பலாமா என்று கேட்டுவிட்டார்கள். ஆளுக்கொரு துண்டாகப் பதில் சொல்வதைவிட ஒரே முறையாக எழுதிவிடுவது நல்லது என்று நினைத்தேன். இதில் இரண்டு சேவைகளைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. ஒன்றில் பெருங்குறையும் மற்றதில் சில குறைகளும் கண்டேன் என்பதால் இரண்டின் பெயரையும் எழுதவில்லை.

தொடங்குமுன் ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். நமது இலங்கையில் புள்ளிமானையோ மரையையோ வேட்டையாடுவது குற்றம். 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் பின்வந்த திருத்தங்களும் அதைத் தடுக்கின்றன. ஆகவே இதை வாசித்துவிட்டு வாகரைக் காட்டுக்கோ லாகுகலப் பக்கத்துக்கோ வில்லோடு போகலாம் என்று யாரும் எண்ணக்கூடாது. குயின்ஸ்லாந்தின் நிலை வேறு. அங்கே புள்ளிமான் அந்த மண்ணுக்குரிய விலங்கல்ல. 1886ஆம் ஆண்டில் சார்ட்டர்ஸ் டவர்ஸ் நகருக்கு வடக்கே உள்ள மேரிவேல் என்ற மாட்டுப் பண்ணையில் கொண்டுவந்து விடப்பட்ட சில மான்கள் பல்கிப் பெருகி, இன்று மாடுகளின் புல்லை மேய்ந்து தீர்க்கும் பீடையாக ஆகிவிட்டன. 2014ஆம் ஆண்டின் உயிரியல் பாதுகாப்புச் சட்டம் அவற்றை ஆக்கிரமிப்பு விலங்காகவே வகைப்படுத்துகிறது. காணிச் சொந்தக்காரரின் அனுமதியோடு தனியார் நிலத்தில் வில்லால் வேட்டையாடலாம். தேசியப் பூங்காக்களுக்குள் அங்கும் தடைதான். பீடை என்று சட்டம் சொன்னாலும், முதல் நாள் காலையில் புதருக்குள்ளிருந்து அந்த மான் எச்சரிக்கைக் குரல் எழுப்பியபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. உன்னிச்சைப் பக்கத்தில் சிறுவயதில் கேட்ட அதே குரல். அதே புள்ளி, அதே மூன்று கிளைக் கொம்பு.

என்னைப் பற்றியும் இரண்டு வரி சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்த மதிப்பீட்டின் அளவுகோல் அங்கிருந்துதான் வருகிறது. நான் ஓய்வுபெற்ற கால்நடை அபிவிருத்திப் போதனாசிரியர். மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரைகளிலும் அதற்கு வெளியே உள்ள பட்டிகளிலும் தடுப்பூசி போட்டுத் திரிந்த காலத்தில், சுருக்குக் கம்பி எலும்புவரை இறங்கிய மாடுகளையும், கட்டுத்துவக்கின் சன்னம் வயிற்றில் பட்டு மூன்று நாள் உயிரோடு கிடந்த மாட்டையும் பார்த்திருக்கிறேன். வயிற்றில் காயம் பட்ட விலங்கு சாகும் விதத்தை ஒருமுறை அருகிலிருந்து பார்த்தவனுக்கு, வேட்டை என்ற சொல்லைக் கேட்டவுடன் கொம்பின் அளவு நினைவுக்கு வராது. ஆகவே ஒரு வேட்டை வழிகாட்டியை நான் மதிப்பிடுவது அவர் எத்தனை பெரிய கொம்பைக் காட்டினார் என்பதை வைத்தல்ல. முதல் அம்பு தவறான இடத்தில் பட்ட பிறகு அவர் என்ன செய்தார் என்பதை வைத்துத்தான்.

அம்பு தவறான இடத்தில் படுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. இருமுனையிலும் கப்பி பூட்டிய இன்றைய கொம்பவுண்ட் வில்லிலிருந்து புறப்படும் அம்பு நொடிக்கு ஏறக்குறைய 85 மீற்றர் வேகத்தில் போகிறது. முப்பது மீற்றர் தூரத்தைக் கடக்க அதற்கு நொடியில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலான நேரம் வேண்டும். நாண் அதிரும் ஓசையோ நொடிக்கு 340 மீற்றர் போகிறது. அது பத்தில் ஒரு பங்கு நொடிக்குள்ளேயே மானின் காதை எட்டிவிடும். அம்பு வந்து சேருமுன் மானுக்குக் கால் நொடி மிஞ்சுகிறது. புள்ளிமான் அந்தக் கால் நொடியில் முன்னங்கால்களை மடித்துத் தாழ்ந்து திரும்பிப் பாயத் தொடங்கிவிடும் இனம். நெஞ்சைக் குறிவைத்த அம்பு முதுகுத் தசையிலோ, ஒரு சாண் பின்னால் ஈரலிலோ இரைப்பையிலோ போய் இறங்குவதற்கு எய்தவனின் கைநடுக்கம் தேவையே இல்லை. அதோடு, அம்பு துவக்கு ரவையைப் போல அதிர்ச்சியால் வீழ்த்துவதில்லை. இருபத்தொன்பது, முப்பது கிராம் எடையுள்ள அந்தத் தண்டின் முனையிலுள்ள சவர அலகு போன்ற தகடுகள் இரத்தக் குழாய்களையும் நுரையீரலையும் அறுப்பதால்தான் விலங்கு சாகிறது. இரண்டு நுரையீரலும் அறுபட்டால் சில நொடிகளில், பெரும்பாலும் நூறு மீற்றருக்குள், மான் விழுந்துவிடும். இரைப்பையில் பட்டால் சாவதற்கு அரை நாளும் எடுக்கலாம். இங்கிலாந்திலும் வேல்சிலும் 1963ஆம் ஆண்டின் சட்டத்திலிருந்தே மானை அம்பால் எய்வது தடைசெய்யப்பட்டிருப்பதை வில்வேட்டைக்காரர்கள் மறந்துவிடக்கூடாது. அந்தத் தடையை நியாயப்படுத்துபவர்கள் காட்டுவது காயப்பட்டுத் தப்பிப்போகும் மான்களைத்தான். அதற்கு வில்வேட்டைக்காரரிடம் இருக்கக்கூடிய நேர்மையான ஒரே பதில், காயப்படுத்திய மானைக் கைவிடாமல் முடிப்பதுதான்.

இனி முதல் சேவை. இரண்டு வருடங்களுக்கு முன், தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது மருமகன் என்னை வேறொரு வழிகாட்டியிடம் அழைத்துப்போனான். விலை குறைவு, பேச்சு இனிமை, வாகனம் புதியது. இரண்டாம் நாள் பொழுதுபடும் நேரத்தில் ஓர் ஆண் மான்மீது மருமகன் எய்த அம்பு பின்னால் பட்டது. மான் நாற்பது அடிபோல ஓடி, முதுகைக் கூனிக்கொண்டு, கால்களை அகட்டி நின்றது. ஏறக்குறைய ஒரு நிமிடம் அப்படியே நின்றது. இடையில் ஒரு செடிகூட இல்லை. மருமகன் தூணியிலிருந்து அடுத்த அம்பை உருவப்போனபோது வழிகாட்டி அவன் தோளைத் தட்டி, அடித்தாயிற்று, இன்னோர் அம்பை வீணாக்காதே என்றார். மான் மெல்ல நடந்து புதருக்குள் மறைந்தது. பத்து நிமிடம்கூடக் காத்திராமல் டோர்ச் லைட்டோடு அதைத் துரத்தினார்கள். இரண்டு முறை அது படுத்த இடத்திலிருந்து எழும்பி ஓடியதைக் காதால் கேட்டேன். பிறகு தடம் அற்றுப்போனது. மூன்றாம் நாள், காகங்கள் காட்டிக்கொடுத்த இடத்தில், அறுநூறு மீற்றருக்கு அப்பால் அதைக் கண்டோம். ஆற்றுப்படுகையில் தண்ணீரை நோக்கித் தலைவைத்துக் கிடந்தது. அதற்கிடையில் அதே வழிகாட்டி மருமகனுக்கு வேறொரு மானைக் காட்டி எய்யவும் வைத்திருந்தார். அன்றிரவு அவனோடு நான் பேசவில்லை, அவனும் சாப்பிடவில்லை.

அதனால்தான் இம்முறை முன்பதிவு செய்யுமுன், காயப்பட்ட மானை என்ன செய்வீர்கள் என்ற கேள்வியை மட்டும் எழுதி ஆறு இடங்களுக்கு அனுப்பச் சொன்னேன். நான்கு இடங்களிலிருந்து எங்களிடம் வரும் மான்கள் காயத்தோடு தப்புவதில்லை என்ற வகையில் பதில் வந்தது. ஓரிடம் பதில் எழுதவில்லை. ஒருவர் மட்டும் ஒன்றரைப் பக்கத்துக்கு எழுதியிருந்தார். அந்த மடலின் முதல் வரியே, இரத்தம் கண்டால் அது உங்கள் மான் என்பதுதான். அதாவது, அம்பு பட்டு ஒரு துளி இரத்தம் விழுந்தாலும் அந்த மானுக்குரிய கட்டணம் கட்ட வேண்டும். அந்தப் பயணத்தில் வேறு மான்மீது எய்ய முடியாது. மிச்ச நாட்கள் முழுவதும் அதைத் தேடுவதற்கே. இது வியாபாரக் கண்டிப்பு என்று மருமகன் முதலில் முணுமுணுத்தான். எனக்கு அந்த ஒரு விதியே போதுமாக இருந்தது.

தங்குமிடத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஏதுமில்லை. மாட்டுப் பண்ணையின் பழைய தொழிலாளர் குடியிருப்பு. தகரக் கூரை, இரும்புக் கட்டில், சுத்தமான மலசலகூடம். சாப்பாடு இறைச்சியும் ரொட்டியும். தங்கை கட்டித்தந்த இடியப்ப மாவும் சம்பலும் இல்லாவிட்டால் நான் இளைத்துத்தான் வந்திருப்பேன். ஓகஸ்ட் இரவில் குளிர் இருக்கிறது, போர்வை கொண்டுபோக வேண்டும்.

சேவையின் உண்மையான பெறுமதி முதல் நாள் பின்னேரத்தில் தெரிந்தது. வந்தவுடன் காட்டுக்குப் போகலாம் என்று நினைத்திருந்த எங்களை வழிகாட்டி பண்ணை வீட்டின் பின்புறத்துக்கு அழைத்துப்போனார். அங்கே நுரைப்பொருளில் செய்த மான் உருவங்கள் ஐந்து, வெவ்வேறு கோணங்களில் நின்றன. வழக்கமாக எல்லா இடத்திலும் செய்வது போல முதல் அம்பைச் சோதித்துப் பார்த்துவிட்டு விட்டுவிடவில்லை. ஓர் அம்பை எய்த கணத்திலேயே, கண்ணை மானிலிருந்து எடுக்காமல், தூணியிலிருந்து அடுத்த அம்பைத் தடவி எடுத்து நாணில் பூட்ட வேண்டும். அதைத் திரும்பத் திரும்பச் செய்யவைத்தார். முதலில் மருமகனுக்குப் பதினொரு நொடி ஆனது. அம்பைப் பார்க்காதே, உன் கைக்கு அது இருக்கும் இடம் தெரியும் என்று சொல்லிச் சொல்லி, இருட்டும்போது ஐந்து நொடிக்குக் கொண்டுவந்துவிட்டார். தூணியின் கீழ்ப்பிடியில் ஓர் அம்பை மட்டும் மற்றவற்றிலிருந்து தள்ளிச் செருகிவைக்கும் பழக்கத்தையும் சொல்லிக்கொடுத்தார். அதுதான் இரண்டாவது அம்பு, அதை வேறெதற்கும் தொடக்கூடாது. பிறகு முழங்காலில் இருந்து, மரத்தைச் சுற்றி வளைந்து, நாணை முழுக்க இழுத்து ஒரு நிமிடம் பிடித்துவைத்து என்று, அவசரத்தில் உடம்பு எப்படியெல்லாம் நிற்க நேருமோ அப்படியெல்லாம் எய்யவைத்தார். மருமகனின் வில் 60 இறாத்தல் இழுவிசையுடையது. முழுக்க இழுத்தபின் பிடித்துவைக்கும் பாரம் குறைந்துவிடும் என்றாலும், ஒரு நிமிடத்தின் முடிவில் அவன் தோள் துடிப்பதை நான் கண்டேன்.

அன்றைய பாடத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது, முதல் அம்புக்கும் இரண்டாவது அம்புக்கும் அவர் இரு வேறு விதிகளை வைத்திருந்ததுதான். காயப்படாத மான்மீது முப்பது மீற்றருக்கு மேல் எய்யக்கூடாது. பக்கவாட்டாகவோ, சற்றுப் பின்பக்கம் திரும்பிச் சாய்ந்தோ நிற்க வேண்டும். முகம் காட்டி நின்றால் எய்யக்கூடாது. எச்சரிக்கையடைந்து காது நிமிர்த்தி நின்றாலும் கூடாது. இந்த விதிகளின் நோக்கம் காயப்படுத்தாமலிருப்பது. காயப்பட்ட மானுக்கோ, எய்யாமல் விடுவது பாதுகாப்பான தெரிவாக இருப்பதில்லை. அது ஏற்கெனவே வேதனையில் நிற்கிறது. நாம் தயங்கும் ஒவ்வொரு நொடியும் அது புதரை நோக்கி நகர்கிறது. ஆகவே இரண்டாவது அம்புக்கு, பயிற்சியில் ஐந்தில் ஐந்தும் நெஞ்சுக்குள் விழுந்த தூரம் எதுவோ அதுவரை அனுமதி. மருமகனுக்கு அது நாற்பத்தைந்து மீற்றர். முகம் காட்டி நின்றாலும் நெஞ்சுக்குழி தெரிந்தால் எய்யலாம். ஆனால் மூன்று இடங்களில் அப்போதும் கூடாது என்றார். மானுக்குப் பின்னால் வேறு மான் நிற்கும்போது, இடையில் அம்பைத் திருப்பக்கூடிய குச்சிகள் இருக்கும்போது, மான் ஓடிக்கொண்டிருக்கும்போது. ஓடும் மானின் பின்புறத்தில் எப்படியாவது ஓர் அம்பை ஏற்றிவிடு என்று சொல்கிற வேட்டைக்காரர்கள் அங்கே உண்டு. தொடையின் பெருநாடி அறுந்தால் விரைவாகச் சாகும் என்பது அவர்கள் வாதம். நாடியில் படாவிட்டால் நொண்டியாகிய இன்னொரு காயந்தான் மிச்சம். இந்த இடத்தில் நான் வழிகாட்டியின் பக்கம்.

இரண்டாம் நாள் காலையில் பாடம் சோதனைக்கு வந்துவிட்டது. வறண்ட ஓடை ஒன்றின் கரையில் ஏழு மான்கள் மேய்ந்துகொண்டிருந்தன. காற்று எங்களை நோக்கி வீசியது. முக்கால் மணி நேரம் தவழ்ந்து இருபத்தெட்டு மீற்றருக்கு வந்தோம். ஆண் மான் பக்கவாட்டாகத் தலையைக் குனிந்தது. மருமகன் எய்தான். நாண் அதிர்ந்த கணத்தில் மான் தாழ்ந்து திரும்பியதை நான் வெறுங்கண்ணால் பார்த்தேன். அம்பு, பட வேண்டிய இடத்துக்கு ஒரு சாண் பின்னால் நுழைந்து மறுபக்கம் வெளியே போய்விட்டது. மற்ற மான்கள் சிதறின. இது ஐம்பது அடிபோல ஓடி, ஒரு மரத்தின் கீழ் முதுகைக் கூனி நின்றது. இரண்டு வருடங்களுக்கு முன் பார்த்த அதே நிலை. என் வாய் உலர்ந்துவிட்டது.

வழிகாட்டி ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. தூரமானியைக் கண்ணில் வைத்து, நான்கு விரலையும் பிறகு ஒரு விரலையும் காட்டினார். நாற்பத்தொரு மீற்றர். மருமகனின் வில்லில் இரண்டாவது அம்பு ஏற்கெனவே பூட்டியிருந்தது. அவன் நாணை இழுத்தான். அப்போதுதான் பெண் மான் ஒன்று திரும்பி வந்து அதற்கு நேர் பின்னால் நின்றது. வழிகாட்டியின் கை மெல்ல உயர்ந்து, விரிந்த உள்ளங்கையோடு நின்றது. பொறு. முப்பது நொடிக்கு மேல் அந்தக் கை அசையவில்லை. மருமகனின் முழங்கை நடுங்கத் தொடங்கியது. மானின் வாயிலிருந்து எச்சில் நூல்போல இறங்குவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பெண் மான் இரண்டடி நகர்ந்தது. கை இறங்கியது. மான் இப்போது எங்களுக்குப் பின்புறத்தைச் சற்றுக் காட்டிச் சாய்வாக நின்றதால், கடைசி விலா எலும்புக்கு அருகே நுழைந்து எதிர்ப்பக்க முன்னங்காலை நோக்கிப் போகும்படி அவன் எய்தான். இம்முறை ஓசையைக் கேட்டுத் தாழ அதற்கு வலு இருக்கவில்லை. ஐம்பது மீற்றர்போல ஓடி விழுந்த சத்தம் தெளிவாகக் கேட்டது.

உடனே எழும்பப் பார்த்தவன் நான்தான். மருமகன் என் சட்டையைப் பிடித்து, "இரிங்க மாமா, இன்னும் அரை மணித்தியாலம் கிட்டப் போகேலா" என்றான். விழுந்த சத்தம் கேட்ட பிறகும் நாற்பது நிமிடம் இருந்தோம். அந்த இடைவெளியில் வழிகாட்டி முதல் அம்பை மட்டும் போய் எடுத்துவந்து எங்களுக்கு முன்னால் வைத்தார். தண்டில் இரத்தம் கறுப்புக் கலந்த சிவப்பாக, தடிப்பாகப் படிந்திருந்தது. இறகுப் பக்கத்தில் மெல்லிய பச்சைக் கறை. முகர்ந்தேன், பட்டியில் இரைப்பை கிழிந்த மாட்டில் வருகிற அதே புளித்த நாற்றம். ஈரலும் இரைப்பையின் ஓரமும் அறுபட்டிருக்கின்றன. இந்த ஓர் அம்போடு விட்டிருந்தால் குறைந்தது ஆறு மணி நேரம், இரைப்பைக் காயம் பெரிதென்றால் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் அதைத் தொந்தரவு செய்யாமல் விட்டிருக்க வேண்டும் என்று வழிகாட்டி சொன்னார். காயப்பட்ட மான் துரத்தாவிட்டால் அருகிலேயே படுத்துவிடும், துரத்தினால் இரத்தம் சொட்டாமலே கிலோமீற்றர் கணக்கில் போய்விடும். இரண்டாவது அம்பு விழுந்த இடத்தில் புல்லின்மேல் இளஞ்சிவப்பாக, சவர்க்கார நுரை போலக் குமிழியிட்ட இரத்தம் இருந்தது. அது நுரையீரல். அந்த நுரையைக் கண்டபிறகுதான் மருமகன் சரியாக மூச்சு விட்டான்.

நெருங்கிய விதமும் குறிப்பிடத்தக்கது. மானின் முதுகுப் பக்கமாக, கால்களுக்கும் கொம்புக்கும் எட்டாத வழியில், மூன்றாவது அம்பை நாணில் பூட்டியபடியே மருமகன் நடந்தான். கண் திறந்திருந்தது. வழிகாட்டி ஒரு நீண்ட குச்சியால் கண்மணியைத் தொட்டார், இமை அசையவில்லை. கொல்களத்தில் நாங்கள் செய்கிற சோதனையும் இதுதான்: கண்மணியைத் தொட்டால் இமை துடிக்கிறதென்றால் விலங்கு இன்னும் போகவில்லை. அப்படித் துடித்திருந்தால் ஐந்தாறு மீற்றர் பின்வாங்கி, நெஞ்சில் இன்னோர் அம்பு எய்வதே அவரது முறை. கத்தியோடு பாய்வதை அவர் அனுமதிப்பதில்லை, ஏனென்றால் கடைசி உதையும் கொம்பும் மனிதனைக் கிழித்துவிடும், மானுக்கும் அந்தப் போராட்டம் கூடுதல் பயம். ஓட்டமாவடியிலிருக்கும் நண்பர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, உயிரோடு எட்டிய வேட்டை விலங்கை முறைப்படி அறுக்க வேண்டுமே என்று நியாயமாகக் கேட்டார். முஸ்லிம் அன்பர்கள் முன்பதிவின்போதே இதைச் சொல்லிவிட வேண்டும். தலை தூக்க முடியாத நிலையில் மான் கிடந்தால் மட்டும் தானே கொம்பைப் பிடித்துக்கொண்டு அறுக்க விடுவதாக வழிகாட்டி என்னிடம் சொன்னார்.

ஊருக்கு வந்ததும், முதல் அம்பின் படத்தைக் கைத்தொலைபேசியில் வைத்துக்கொண்டு வாகரைப் பக்கத்து வேடர் குடியிருப்பில் எனக்குத் தெரிந்த ஒரு பெரியவரிடம் போனேன். எண்பதைத் தாண்டியவர், அவருடைய தகப்பன் வில்லோடு காட்டில் திரிந்த மனிதர். நீண்ட இரும்புத் தகடு பூட்டிய அந்த அம்புகளும் அறுத்துத்தான் கொன்றன. படத்தைக் கண்ணுக்கு மிக அருகே பிடித்துப் பார்த்துவிட்டு, நான் எதுவும் விளக்குமுன்னே, "ஈரலும் குடலும் பட்ட ரத்தம் மனே. இதுக்குப் பின்னால ஓடினா அது மறுகா மறுகா எழும்பி ஓடும். நின்டா இன்னொண்டு விடணும், நிக்கல்லயெண்டா இரிந்து வெத்திலை போட்டுத்தான் போகணும்" என்றார். குயின்ஸ்லாந்து வழிகாட்டி ஒரு பின்னேரம் முழுக்கச் சொல்லித்தந்ததை அவர் மூன்று வசனத்தில் சொல்லிவிட்டார். காட்டை நம்பிச் சீவித்தவனுக்குக் காயத்தோடு போன மான் பட்டினிக் கிடந்த பிள்ளைகள். அதனால் இந்த அறிவு அவர்களிடம் இருந்ததில் வியப்பில்லை. கட்டணம் வாங்கும் தொழிலில் அது தானாக வராது, விதியாக எழுதித்தான் வைக்க வேண்டியிருக்கிறது.

குறைகளுக்கு வருகிறேன். முதலாவது, துவக்கு. இறுதி வழியாக ஒரு ரைபிள் வாகனத்தில் பூட்டி வைத்திருக்கிறார்கள். நாங்கள் மானுக்கு அருகில் இருந்தபோது வாகனம் இரண்டு கிலோமீற்றருக்கு அப்பால் நின்றது. ஏன் கூடவே கொண்டுவருவதில்லை என்று கேட்டேன். வில்வேட்டைக்கு வருகிறவர்கள் தங்கள் மானைத் துவக்கு முடித்துவைப்பதை விரும்புவதில்லை என்றார். இந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தப் பெண் மான் நகராமல் நின்றிருந்தால், அல்லது காயப்பட்ட மான் அறுபது மீற்றருக்குப் போய் நின்றிருந்தால், வில்லுக்கு எட்டாத அந்தத் தூரத்தில் அதை ஒரு நொடியில் முடிக்கக்கூடிய ஒரே கருவி இரண்டு கிலோமீற்றருக்கு அப்பால் இருந்திருக்கும். வேட்டைக்காரனின் பெருமை மானின் ஆறு மணி நேர வேதனைக்கு மேல் மதிக்கப்படக்கூடாது. இதை அவரிடம் நேராகவே சொன்னேன். மறுப்பில்லாமல் கேட்டுக்கொண்டார், ஆனால் மாற்றுவதாகச் சொல்லவில்லை.

இரண்டாவது, மோப்ப நாய் இல்லை. ஜேர்மனியில் காயப்பட்ட விலங்கைத் தேடுவதற்கென்றே தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்ட நாயினங்கள் இருக்கின்றன. அமெரிக்காவின் பல மாநிலங்களில் வாரில் கட்டிய நாயோடு தடம் தேடுவது அனுமதிக்கப்பட்டிருக்கிறது. இரத்தம் சொட்டாத காயத்தில் மனிதக் கண் தோற்கும் இடத்தில் நாயின் மூக்கு தோற்பதில்லை. எங்களுக்கு நாய் தேவைப்படவில்லை என்பது எங்கள் அதிர்ஷ்டம். கடைசி இரத்தத் துளியைக் குறித்துவைக்க ஒவ்வொரு பத்தடிக்கும் நிறநாடா கட்டும் ஒழுங்கும், அம்பின் வாலில் எரியும் சிறு விளக்கும் அவர்களிடம் நன்றாக இருக்கின்றன. ஆனால் அவை நாய்க்கு ஈடல்ல.

மூன்றாவது சிறியது. பார்வையாளருக்கான கட்டணம் வில் பிடிப்பவருக்கு உரியதில் பாதி. நடக்க மட்டும் செய்த எனக்கு அது கூடுதலாகத் தெரிந்தது. மற்றபடி, மறைவான செலவு எதையும் பிறகு கேட்கவில்லை. இறைச்சியை வெட்டிக் குளிரூட்டியில் வைத்துத் தந்தார்கள். மூன்றாம், நான்காம் நாட்களில் மருமகன் எய்வதற்கு அனுமதி இல்லை என்ற விதியையும் தளர்த்தவில்லை. அந்த இரண்டு நாட்களையும் அவன் வேறொரு குழுவுக்குத் தடம் தேட உதவுவதில் கழித்தான்.

மகனை அனுப்பலாமா என்று கேட்டவர்களுக்கு என் பதில், அனுப்பலாம் என்பதே. ஆனால் ஐம்பது அம்பு எய்தால் நாற்பது சரியாகப் போகிறது என்ற நிலையில் உள்ள பிள்ளையை இன்னும் ஒரு வருடம் மைதானத்தில் பழகவிட்டு அனுப்புங்கள். வேறு சேவைக்குப் போவதானால், காயப்பட்ட மானைப் பற்றிய அந்த ஒரு கேள்வியை எழுதிக் கேளுங்கள், பதிலின் நீளத்தைப் பாருங்கள். மருமகன் வருகிற ஓகஸ்டுக்கு அதே இடத்தில் மறுபடி பதிவு செய்திருக்கிறான். பதிவோடு சேர்த்து, துவக்கை வழிகாட்டியே தோளில் கொண்டுவர வேண்டும் என்றும், அயல் பண்ணையில் யாரிடமாவது தடம் தேடும் நாய் இருந்தால் அந்த நான்கு நாட்களுக்கும் கூலிக்குப் பேசிவைக்க வேண்டும் என்றும் என் சார்பில் எழுதச் சொன்னேன். துவக்குக்குச் சம்மதம் என்று போன கிழமை பதில் வந்திருக்கிறது. நாயைப் பற்றி விசாரித்துச் சொல்வதாக எழுதியிருக்கிறார்கள்.